பின்சீட்டின் நடுவில்

அவன் அந்த ஆளைப் பார்க்கவில்லை. அவரே நிற்பார் என்று நினைத்துக்கொண்டு போனதாக இல்லை, பார்த்தும் சட்டை பண்ணாமல் போனதாகவும் இல்லை, பார்க்கவே இல்லை. பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்த உலகம்மாளுக்கு அது பளிச்சென்று தெரிந்தது, தெரிந்த மறுகணமே தெரியாமல் போய்விடாதா என்றும் இருந்தது. அவளுக்கு வலப்பக்கம் வீட்டுக்காரர் கோமதிநாயகம், இடப்பக்கம் மருமகள் இந்துமதி, காலுக்கடியில் திண்டு மாதிரி ஒரு மேடு. அதன் இரண்டு பக்கமும் பாதத்தை வைத்து, முழங்காலை ஒடுக்கி, மடியில் பையைக் கட்டிக்கொண்டு, முன்சீட்டு இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு ஜன்னல் இருந்தது, அவளுக்கு ரோடு இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது மகன் சிவசைலம். அவன் பக்கத்தில், ஓட்டிப் பார்க்க வருகிறவர்களோடு கூட வரும் ஷோரூம் பெண் பெனிட்டா. வாழையிலைக் கட்டு வைத்த சைக்கிளோடு அந்த ஆள் இடதுபுறத்து மண்பாதையிலிருந்து ஏறி வந்தார். திடீரென்று வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று சாரத்தை மடித்துக் கட்டினது, ஒரு கால் ஊன்றி ஏறி உட்கார்ந்தது, இலைக்கட்டு ஒரு பக்கமாகச் சரிய அதைக் கையால் அமுக்கிக்கொண்டு மெள்ள மெள்ளத் தார்ரோட்டுக்கு வந்தது எல்லாவற்றையும் உலகம்மாள் சப்பரம் வருவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மகனும் பார்க்கிறான், இந்தா குறைப்பான், இந்தா குறைப்பான் என்று. குறைக்கவில்லை. பெனிட்டா, “சார், சார், லெஃப்ட்ல, லெஃப்ட்ல” என்று கத்தின பிறகுதான் வண்டி குலுங்கி நின்றது. சைக்கிள் மண்ணில் இறங்கிவிட்டது. இடையில் ஒரு முழம் இருக்குமோ இராதோ. அந்த ஆள் இலைக்கட்டைக் கட்டிப்பிடித்தபடி என்னவோ சொன்னார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. “எங்கயிருந்துதான் வாறானுவளோ, திடீர்னு” என்றான் சிவசைலம். அவன் சொன்ன அந்தத் திடீரில்தான் உலகம்மாள் ரோட்டை விட்டுவிட்டு மகனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

“அவன் மேலயும் தப்புதாம்ல, ரெண்டு பக்கமும் பாத்துல்லா ஏறணும்” என்றார் கோமதிநாயகம், ஒன்றும் நடக்காத மாதிரி. “ஆனா பிரேக்கு பாத்தியா? கும்முனு நின்னுட்டு. டாக்டர் வச்சிருந்த வண்டின்னா சும்மாவா. பூவா வச்சிருக்காரு மனுசன்.” அவருக்கு இந்தப் பழைய வண்டி காலையிலேயே பிடித்துப்போய்விட்டது. ஷோரூமில் முன்னால் கண்ணாடிக் கட்டடத்தில் புது வண்டி, பின்னால் தகரக் கொட்டகையில் பழைய வண்டி. இவர் முன்பக்கம் ஏறிட்டும் பார்க்காமல் நேரே கொட்டகைக்குப் போய், மாடு பிடிக்கிறவர் மாதிரி இந்தச் சாம்பல் நிற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டிக்கியைத் தட்டிப் பார்த்தார். “நமக்கு எதுக்குல புதுசு? தேரா ஓட்டப் போறோம்? கோயிலுக்கும் குளத்துக்கும் போக இது காணும்.” இந்துமதி சிரித்தாள். “மாமா, உங்க புள்ளைக்குப் பழசுன்னா ஆகாது. ஓசூர்ல வச்சிருந்த சின்ன வண்டிய நீங்க பாக்கலையே, ரெண்டு பக்கமும் அப்படிக் கீறி வச்சிருந்தாரு. வாங்க வந்தவரு என்ன கேட்டாரு தெரியுமா, சார் நீங்க விக்கிறது காரா தேங்கா துருவியான்னு கேட்டாரு.” பெனிட்டாவும் சிரித்தாள், கோமதிநாயகம் தொடையில் தட்டிச் சிரித்தார், சிவசைலமும் கடைசியாகச் சேர்ந்துகொண்டான். உலகம்மாளும் உதட்டை அசைத்தாள். தூக்கமில்லை அவனுக்கு, அவ்வளவுதான், பேங்க்கில் மாற்றல் வாங்கி இந்த வாரம்தானே திருநெல்வேலிக்கு வந்திருக்கிறான், சாமான் இறக்கி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அலுப்பு, அலுப்பு இருக்கத்தானே செய்யும், வெயில் வேறு கண்ணில் அடித்திருக்கும். வெயில் எங்கே அடித்தது. உச்சிக்கு வந்துவிட்டது வெயில், நிழல் எல்லாம் காலடியில் கிடக்கிறது, ஊரே தண்ணீரில் கழுவி வைத்த மாதிரி அப்படித் துலக்கமாக இருக்கிறது. ரெண்டு பக்கமும் என்று சொன்னாளே இந்து. ஒரு பக்கம் என்றால் கைத்தவறு, தெரு சின்னது, எவனாவது உரசியிருப்பான். ரெண்டு பக்கமும். தேங்காய் துருவி. அவள் பையின் காதை இறுக்கிப் பிடித்தாள், உள்ளே இருந்த திருநீற்று டப்பா விரலில் தட்டுப்பட்டது, காந்திமதி அம்மே, தாயே, நான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும், எனக்குத்தான் கண் கெட்டுப்போயிருக்க வேண்டும், எனக்கே இருக்கட்டும்.

நின்ற வண்டியை எடுக்கும்போது அவன் இடப்பக்கம் பார்த்தான், பிறகு வலப்பக்கம். கண்ணை ஓட்டிப் பார்க்கவில்லை. கழுத்தையே முழுசாகத் திருப்பி, வெட்டி வெட்டி, சேவல் பார்க்கிற மாதிரி பார்த்தான்.  இந்தத் திருப்பலை உலகம்மாள் அறிவாள். ஒரு வயதுக்கு மேல் அதை மறக்க வேண்டும் என்றே எத்தனையோ செய்திருக்கிறாள், கனவில்கூட வராமல்தான் இருந்தது. இது அவள் கூடப்பிறந்த குத்தாலண்ணனின் திருப்பல். ஆலங்குளத்தில் அண்ணனைப் பிள்ளைகள் எல்லாம் கோழியண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். பந்தியில் நடந்து போகையில் பக்கத்து இலையை மிதித்துவிடுவான், சாம்பார் வாளி கொண்டுவருகிறவன் மேல் நேரே போய் முட்டுவான், “கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு” என்று ஏச்சு விழும். நேரே வைத்தால் எறும்பு ஊர்வதைக்கூடச் சொல்லிவிடுவான், பக்கத்தில் யானை வந்து நின்றாலும் தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டால் யாராவது கையைப் பிடிக்க வேண்டும். பிடிப்பது பெரும்பாலும் அம்மாவின் தம்பி கோமதிநாயகம்தான், பிற்பாடு உலகம்மாளைக் கட்டிக்கொண்ட இதே மாமா. “ஏட்டி உலகு, எனக்கு ஊரு ஒரு குழாய்க்குள்ள இருக்குட்டி, குழாய் வருசா வருசம் சிறுத்துட்டு வருது” என்பான் அண்ணன். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர் வெளியே வந்து அம்மாவிடம் முதலில் கேட்டது, உறவுக்குள்ள கல்யாணமா என்பதுதான். அம்மாவுக்கு எவ்வளவு பெருமை. “ஆமாய்யா, எங்க ஆச்சி காலத்துலேருந்து நாங்க வெளியில குடுத்ததும் இல்ல, எடுத்ததும் இல்ல. இந்தா நிக்காளே, இவளையும் எந் தம்பிக்குத்தான் குடுத்திருக்கேன்” என்று, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி உலகம்மாளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். டாக்டர் உலகம்மாளின் வயிற்றைப் பார்த்தார். அப்போது அது ஐந்தாறு மாசத்து வயிறு, உள்ளே இருந்தது இப்போது மஸ்கட்டில் இருக்கிற மூத்தவள். அவர் பார்த்த பார்வை இன்னும் வயிற்றிலேயே இருக்கிறது, ஈரத் துணி ஒட்டின மாதிரி. பிள்ளைகள் பிறந்து கொஞ்சம் வளர்ந்ததும் கொண்டுவந்து காட்டும்மா என்றார். காட்டினாள். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். இப்போதைக்கு ஒண்ணுமில்ல என்றார்கள். ஒண்ணுமில்ல என்பதை மட்டும் முந்தியில் முடிந்துகொண்டு வந்தாள், இப்போதைக்கு என்பதை மதுரை பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டாள். ஆனாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் முற்றத்தில் புளியங்கொட்டையை வீசி எறிந்து, “யாரு முதல்ல பொறுக்குதா பாப்போம்” என்று பிள்ளைகளை விடுவாள். அது அவர்களுக்கு விளையாட்டு. சைலம்தான் எப்போதும் ஜெயிப்பான், மங்கின வெளிச்சத்தில் சுவரோரம் கிடப்பதைக்கூட விடமாட்டான். கை நிறைய அவன் கொண்டுவந்து கொட்டும்போது அவள் உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதுவிட்டு வருவாள். அப்புறம் அவன் படித்தான், பரீட்சை எழுதினான், பேங்க்கில் சேர்ந்தான், வெளியூர் போனான். புளியங்கொட்டையை யாரும் பொறுக்கவில்லை.

ஷோரூமுக்குத் திரும்பியதும் புது வண்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு எல்லோரும் நிழலில் நின்றார்கள். ஒரு பெண் தட்டில் டீ கொண்டுவந்தாள். கோமதிநாயகம் எடுத்தார், இந்து எடுத்தாள், அந்தப் பெண் சிவசைலத்தின் தோளுக்குப் பக்கத்தில் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அவன் எதிரே நிற்கிற வெள்ளை வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலும் இப்படித்தான். அப்போது உலகம்மாளுக்கு லேசாக வருத்தமாகக்கூட இருந்தது, என்ன இது, ஒரு பிள்ளை டீயை நீட்டிக்கொண்டு நிற்கிறது, கவனிக்காத மாதிரி நிற்கிறானே, ஆபீசர் ஆகிவிட்டால் இப்படியா, நாம் இப்படி வளர்க்கவில்லையே என்று. கண்ணாடிக் கதவில் அவன் தோள் இடித்தது, அதையும் பார்த்தாள், பளபளவென்று துடைத்து வைத்தால் யாருக்குத்தான் தெரியும் என்று நினைத்தாள். எல்லாவற்றையும் அவள் பார்த்திருக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலும் வைத்திருந்திருக்கிறாள். போன தீபாவளிக்கு வண்டி இருந்தும் ரயிலில் வந்தது, ராத்திரி டிராஃபிக் ஜாஸ்திம்மா என்றது, சித்திரையில் கோயில் கொடையில் பேரப்பிள்ளையைத் தூக்கச் சொன்னபோது நீயே தூக்கிக்கோ இந்து என்று இருட்டில் அசையாமல் நாற்காலியிலேயே இருந்தது. “எய்யா, டீ” என்றாள் உலகம்மாள். அவன் உடனே திரும்பினான், முழுக் கழுத்தோடு, முகம் நிறையச் சிரிப்போடு, “அடடே, ஸாரிம்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி எடுத்துக்கொண்டான். என்ன பணிவு. கர்வம் இல்லை. கர்வமாக இருந்திருக்கலாமே தாயே, என் பிள்ளை கர்வம் பிடித்தவனாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

புது வண்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரித்த வாசனை, தலை சுற்றுகிற மாதிரி ஒரு வாசனை. மறுபடியும் நடுசீட்டு, மறுபடியும் அந்த மேடு. “அத்தை, நான் நடுவுல உக்காரட்டுமா, உங்களுக்குக் கால் வலிக்கும்” என்றாள் இந்து. வேண்டாம் தாயி, நான் இங்கேயே இருக்கேன் என்றாள் அவசரமாக. பெனிட்டா பாடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வந்தாள்: நாலு பக்கமும் கேமரா, மேலே இருந்து பார்க்கிற மாதிரி இந்தத் திரையில் முழு வண்டியும் தெரியும், பக்கவாட்டில் ஏதாவது வண்டி வந்தால் சைடு கண்ணாடியில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் எரியும், நாம அந்தப் பக்கம் திரும்பினால் சத்தம் கொடுக்கும், முன்னால் குறுக்கே யாராவது வந்துவிட்டால் வண்டி தானாகவே பிரேக் போடும். “எல்லா சூழ்நிலையிலும் இதையே நம்பக்கூடாது சார், ஒரு உதவிக்குத்தான்” என்றாள். “இதெல்லாம் எதுக்கும்மா, ஓட்டத் தெரியாதவனுக்குல்லா வேணும்” என்று கோமதிநாயகம் நொடித்தார். “விமானமா வாங்கப் போறோம்?”  மேம்பாலத்தைத் தாண்டும்போது இடப்பக்கம் ஒரு டவுன் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது, கண்ணாடியில் மஞ்சள் எரிந்தது, டிங் டிங் என்றது. சிவசைலம் அப்படியே நேரே பிடித்துக்கொண்டு போனான். பஸ் கடந்துபோன பிறகு சத்தம் நின்றது. உலகம்மாள் முன்னால் தொங்கும் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றிச் சுருக்கம் கழன்றிருந்தது. இத்தனை நேரம் சுமந்துகொண்டு வந்த கனத்தைச் சுமைதாங்கியில் இறக்கி வைத்தவன் முகம் அது. “இது இருந்தா போதும்பா” என்றான் மெதுவாக, அப்பாவிடம் சொல்கிற மாதிரி, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை அவன். “இது இருந்தா நான் எத்தனை வருசம் வேணாலும் ஓட்டிருவேன்.”

அவனுக்குத் தெரியும். அதுவரைக்கும் உலகம்மாளின் பயமெல்லாம் ஒன்றைப் பற்றித்தான் இருந்தது, இப்போது அது இரண்டாகப் பிளந்துகொண்டது. அவனுக்குத் தெரியும், தெரிந்துதான் வண்டி பார்க்க வந்திருக்கிறான், மற்றவர்கள் இடம் தாராளமாக இருக்கிறதா, டிக்கியில் அரிசி மூட்டை கொள்ளுமா, ஏசி பின்னால் வருகிறதா என்று பார்த்தார்கள், இவன் தனக்கு இரண்டு கண் பார்க்க வந்திருக்கிறான். எத்தனை நாளாகத் தெரியும். எங்கே போய்க் காட்டினான். மருந்து விட்டால் எல்லாம் பனிமூட்டமாகிவிடுமே, ரோட்டைக் கடக்க முடியாதே, குத்தாலண்ணனுக்கு ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் அம்மா, இரண்டு பேர் பிடித்துக்கொண்டல்லவா மதுரையில் பஸ் ஏற்றினார்கள், இவனை யார் பிடித்தார்கள். யாருமில்லாமல் ஓசூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தானா, மருந்து தெளிகிற வரைக்கும். அன்றைக்கு ராத்திரி போனில் சாப்பிட்டாயா என்று நான் கேட்டிருப்பேனே. சாப்பிட்டேம்மா என்று சொல்லியிருப்பானே. வருசம் தவறாமல் இருக்கன்குடி மாரிக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போட்டிருக்கிறேன், இரண்டு பிள்ளைக்கும் இரண்டு ஜோடி, உண்டியலில் அது விழுகிற சத்தம்வரைக்கும் காதில் இருக்கிறதே தாயே, ஒரு வருசம்கூடத் தவறவில்லையே. நீ எடுத்து எங்கே வைத்தாய். கேட்கக்கூடாது, சாமியை அப்படிக் கேட்கக்கூடாது, வாயில் போட்டுக்கொண்டாள் மனசுக்குள்ளேயே. பேரக் குழந்தைக்கு ஒன்றும் வராது. இந்து வெளிச் சம்பந்தம், தர்மபுரிப் பக்கம், நமக்கும் அவர்களுக்கும் ஏழு தலைமுறைக்கு ஒட்டில்லை. மாமா இவனுக்குத் தன் தங்கச்சி மகளைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, கல்யாணமாகி அத்தனை வருசத்தில் முதல்முறையாக உலகம்மாள் குரலை உயர்த்தினாள், இந்த வீட்டுக்குள்ள இனி சொந்தம் வேண்டாம், போதும் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் வந்துவிடும் என்று நினைத்தாள். சொல்லாமல் இருந்தால் வராது என்று நினைத்தாள். அம்மாவும் மகனும் ஒரே மாதிரி. ஐயோ, ஒரே மாதிரி. பக்கத்தில் இந்து, “இருட்டுனா இவரு வண்டியத் தொடவே மாட்டாரு அத்தை, சரியான பயந்தாங்கொள்ளி. புது வண்டி வந்தாலாவது ராத்திரி ஒரு தடவ குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க” என்று அவள் முழங்கையை இடித்துக் குழந்தை மாதிரிச் சொன்னாள். அவளுக்குத் தெரியாது. இந்த வண்டியில் நாளைக்கு முன்சீட்டில், இந்த இடப்பக்கத்தில்தான் இவள் உட்காருவாள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. டிங் டிங் என்று அடிக்கும். அடிக்காமல் ஒரு நாள் இருந்துவிட்டால். இலைக்கட்டுக்காரருக்கு ஒரு முழம் கொடுத்தாய் தாயே, எல்லோருக்கும் ஒரு முழம் வைத்திருப்பாயா.

இறங்கும்போது கால் மரத்துப்போயிருந்தது. கோமதிநாயகம் கையைக் கொடுத்தார், “என்னட்டி, மூஞ்சியெல்லாம் வெளிறிக் கெடக்கு? ஏசி ஒத்துக்கலையா?” என்றார். தலையை ஆட்டினாள், ஆமாம் என்றும் இல்லை என்றும்.  பெனிட்டா, “சார், எதை முடிக்கலாம்? இன்னைக்கு நல்ல நாள், முன்பணம் போட்டுட்டீங்கன்னா நிறம் சொல்லிரலாம்” என்றாள். “பழசுதாம்மா” என்றார் கோமதிநாயகம். “புதுசுதான்” என்றான் சிவசைலம். “ஏல, ஒனக்கு என்ன கிறுக்கா, அந்த டாக்டர் வண்டியில எந்தக் கொறை?” “அதுல கேமரா இல்லப்பா.” “கேமரா என்னத்துக்குல, கல்யாணமா எடுக்கப் போற?” இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் உலகம்மாளைப் பிடித்து இழுத்தாள். “அத்தை சொல்லட்டும். மாமாவும் இவரும் சண்டை போட்டுட்டே இருப்பாங்க, நீங்க சொல்லுங்க அத்தை, எது வேணும்?” எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கத்தரிக்காய் வாங்கினாலும் மாமா எடுத்துப் போட்டதைத்தான் சுமந்து வருவாள் அவள். அவளிடம் யாரும் எது வேணும் என்று கேட்டதில்லை, அவளும் அதைக் குறையாக நினைத்ததில்லை. இப்போது கேட்கிறார்கள். வாயைத் திறந்தால் வெளியே வருவது என்னவாக இருக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னால் இந்துவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்காது. அப்புறம் என்றைக்குமே இதே சிரிப்பாக இருக்காது. சொல்லாவிட்டால்.

சிவசைலம் மறுபடியும் வெள்ளை வண்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அதன் திரை, அதன் வெளிச்சம் என்று அப்பாவுக்கு விளக்க ஆரம்பித்தான். வண்டிச் சாவி அவன் இடது கையில் இருந்தது. உலகம்மாள் மெதுவாக நடந்து அவனுக்கு இடப்பக்கம் போய் நின்றாள். அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நீட்டின கையை இறக்கவில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்தான். எல்லா வெளிச்சமும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் பட்டு அவள் கைமேல்தான் விழுந்தது, வளையல்கூட மின்னியது, அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

“என்ன அத்தை, நீங்களா ஓட்டப் போறீங்க?” என்று இந்துமதி சிரித்தாள்.

கோமதிநாயகம் திரும்பினார். “ஏட்டி, கையை என்னத்துக்கு” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கையைப் பார்த்தார். அதற்கு ஒரு சாண் தள்ளி, அது இருப்பதே தெரியாமல் பேசிக்கொண்டிருக்கும் மகனைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். ஒரு காலத்தில் பொழுது சாய்ந்தபிறகு இன்னொருவன் கையைத் தேடிப் பிடித்த மனுசன் அவர். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக என்னென்னவோ அணைந்து வந்ததை உலகம்மாள் பார்த்தாள். வாய் மட்டும் கொஞ்சம் திறந்தே இருந்தது. பெனிட்டாகூட அசையவில்லை. இந்துமதியின் சிரிப்பு பாதியில் நின்றது, ஏன் நின்றது என்று அவளுக்கே புரியாத மாதிரி.

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டதை அப்போதுதான் கேட்டான் சிவசைலம். பேச்சு தடுமாறியது. முதலில் வலப்பக்கம் திரும்பினான், அங்கே யாரும் இல்லை. பிறகு இடப்பக்கம், கழுத்து முழுவதும், வெட்டி, அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து நின்றான். நெருக்கத்தில் அவனைப் பார்க்கையில் அவன் சின்னப்பிள்ளை மாதிரிதான் இருந்தான், காதோரம் மட்டும் இரண்டு நரை. கை இன்னும் அப்படியே நீட்டியிருந்தது. அவன் கண் அதற்கு வரவில்லை.

“எய்யா” என்றாள். தனக்குக்கூடக் கேட்காத குரல். “என்னையத் தெரியுதா?”

அவனுக்குப் புரிந்துவிட்டது. கேட்டது புரிந்தது, யார் கேட்கிறாள் என்பது புரிந்தது, இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதும் புரிந்தது. பின்னால் இந்து நிற்கிறாள் என்பதை அவன் மறந்துவிட்டானோ, இல்லை மறக்கவில்லையோ. 

“மூஞ்சி தெரியுதும்மா” என்றான். “கைதான் தெரியல.”